லோடு சீட்டின் பின்பக்கம்

மீனாள்,

உன் கடிதம் வியாழக்கிழமை மத்தியானம் வந்தது. படித்து முடித்ததும் கையிலிருந்த காப்பி டம்ளரைச் சுவரில் விட்டெறிந்தேன். சத்தம் கேட்டு உன் அம்மா வந்தாள். சுவரில் வழிந்த காப்பியைப் பார்த்தாள், என் மடியில் கிடந்த கடிதத்தைப் பார்த்தாள், டம்ளரை எடுத்து நெளிவைத் தடவிப் பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கோபமே படக்கூடாது என்று ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை கொடுக்கிற டாக்டர் சொல்லியிருக்கிறார். அவருக்கென்ன, அவருக்கு அவர் மகள் இப்படி ஒரு கடிதம் எழுதவில்லை.

நீ கேட்டது ஒரே ஒரு கேள்வி. மெட்ராஸில் ஒருவர் உன் கதைகளைப் புத்தகமாகப் போடச் சம்மதித்திருக்கிறார். எனக்குத் தெரியாமல் இத்தனை கதை எப்போது எழுதினாய் என்று நான் கேட்கப்போவதில்லை. அந்த முதல் கதையை, நிலாவில் நெல் அவிக்கிற கதையை, மறுபடி எழுதி அதில் சேர்க்க வேண்டும் என்கிறாய். எழுத உட்கார்ந்தால் அதில் வரும் ஆண்பிள்ளையிடம் வந்ததும் பேனா நின்றுவிடுகிறது என்கிறாய். "அந்த லாரி டிரைவர் அன்றைக்கு என்னைப் பற்றி உங்களிடம் அப்படிச் சொன்னாரா அப்பா? அவர் முகத்தைக்கூட நான் சரியாகப் பார்த்ததில்லை. பார்க்காத ஒரு மனிதர் ஏன் என்மேல் அப்படி ஒரு பொய்யைச் சொன்னார் என்று ஒன்பது வருஷமாக யோசிக்கிறேன். உண்மையை எழுதுவதானால் எழுதுங்கள், இல்லையென்றால் பதில் வேண்டாம்" என்று எழுதியிருக்கிறாய். இரண்டு பதில் எழுதிக் கிழித்தேன். மூன்றாவதைக் கிழிக்கும்போது உன் அம்மா நிலைப்படியில் நின்றுகொண்டு, "நீங்க எழுதுறீகளா, இல்ல நானே திருச்சிக்குப் பஸ் ஏறி அவகிட்டச் சொல்லட்டுமா?" என்றாள். அதிலேயே அவளுக்கு எல்லாம் தெரியும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

சொல்லவில்லை. சவரிமுத்து உன்னைப் பற்றி ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. அதை நான்தான் சொன்னேன். சுற்றி வளைத்து எழுதினால் நடுவில் எங்காவது என்னை நல்லவனாக ஆக்கிக்கொண்டுவிடுவேன், அதனால் முதலிலேயே எழுதிவிட்டேன். இனி நடந்ததைச் சொல்கிறேன். நீ கதை எழுதுகிறவள், எதை எடுப்பது எதை விடுவது என்று உனக்குத் தெரியும்.

அடி என்பது எனக்குப் பேச்சு மாதிரிதான் இருந்தது. புதுவயலில் மில் நடத்துகிறவன் கையை ஓங்காமல் நடத்த முடியாது என்று உன் தாத்தா சொல்லிக்கொடுத்தார், நான் கொஞ்சம் கூடுதலாகவே கற்றுக்கொண்டேன். நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது மூட்டையைத் தவறவிட்ட ஒரு சுமைகாரனை மரக்காலால் வாயில் அடித்தேன். பல் இரண்டு களத்து நெல்லில் விழுந்தது. நீ சொம்பில் தண்ணீர் கொண்டுபோய் அவனுக்குக் கொடுத்தாய். அதற்காக உனக்கும் ஒன்று வைத்தேன். அன்றைக்குச் சாப்பிட உட்கார்ந்தபோது, "அவருக்கு இனிமே முறுக்குத் திங்க முடியாதுல்ல?" என்று கேட்டாய். எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

இப்படிப்பட்டவன் உனக்குப் புத்தகம் சுமந்தேன் என்பதும் உண்மை. காரைக்குடிக்கு எந்த வேலையாகப் போனாலும் வாடகை நூலகத்தில் நுழைந்து, நீ துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொடுத்ததை வாங்கிவருவேன். பழுப்பு அட்டை போட்டு, தொடர்கதைகளைக் கிழித்துத் தைத்த புத்தகங்கள். காதல் கதை, மாயாஜாலம், வேறு கிரகத்திலிருந்து ஆள் இறங்கி வருகிற கதை. உனக்குத் தெரியாத ஒன்று சொல்கிறேன். வாங்கி வந்த அன்றே உன் கைக்கு வராமல் மறுநாள் வந்ததே, மில் ஆபீசில் உட்கார்ந்து முதலில் நான் படித்துவிடுவேன். யாராவது வந்தால் லோடு புத்தகத்துக்கு அடியில் தள்ளிவிடுவேன். ஒருநாள் நீ என்னிடம், "ஏம்ப்பா, இந்தக் கதைகள்ல எல்லாம் ராசா மகன், ஜமீன் மகன், செவத்த பொண்ணாத்தான் வாராக. செவ்வாய்க் கெரகத்துக்குப் போனாலும் அவுகளேதான் போறாக. நெல்லு அவிக்கிறவுக ஒருத்தர்கூட வரமாட்டேங்கிறாகளே?" என்று கேட்டாய். நெல் அவிக்கிறவள் கதைக்குப் போய்விட்டால் நெல்லை யார் அவிப்பது என்றேன். நீ சிரிக்கவில்லை. எனக்குப் பதில் சொல்வதை விட்டுவிட்டு எழுதப் போய்விட்டாய் என்று அப்போது தெரியாது.

மனிதன் நிலாவில் கால் வைத்த வருஷம் அது. அதற்குச் சில வாரம் கழித்து ஒருநாள் காலை மின்சாரம் இல்லாமல் மில் நின்றுவிட்டது. ஒரு பழைய லோடு விஷயமாகச் சந்தேகம் வந்து, ஆபீசுக்குப் பின்னால் இருந்த அறையில் பழைய சீட்டுக் கட்டுகளைத் தேடினேன். ஒவ்வொரு லாரியும் மில்லை விட்டுப் போகும்போது மேஸ்திரி கருப்பையா ஒரு சீட்டு எழுதி டிரைவரிடம் கையெழுத்து வாங்குவான். வருஷம் முடிந்ததும் அந்தச் சீட்டுகளை டிரைவர் டிரைவராகப் பிரித்துக் கட்டிவைப்பது என் பழக்கம். மற்ற மில்களில் தேதி வாரியாகக் கட்டுவார்கள். டிரைவர் எவன் திருடுகிறான் என்று ஒரே பார்வையில் தெரிய வேண்டும் என்று நான் இப்படி வைத்திருந்தேன். ஒரு கட்டைப் பிரித்ததும் பின்பக்கம் முழுவதும் உன் கையெழுத்து.

அங்கேயே ஒரு சாக்கின்மேல் உட்கார்ந்து படித்தேன் மீனாள். நிலாவில் ஒரு ஊர். பூமியிலிருந்து ஆகாய லாரியில் நெல் போகிறது. அதை ஓட்டுகிறவள் காத்தாயி என்று களத்து வேலைக்காரி. அங்கே எடை ஆறில் ஒரு பங்குதான் என்பதால், இங்கே முதுகு ஒடிந்த பெண்கள் அங்கே ஒரு மூட்டையைக் கைப்பிள்ளை மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு நடக்கிறார்கள். நான் வாய்விட்டுச் சிரித்தேன். முப்பது வருஷம் மூட்டையோடு கிடந்த எனக்கு அது தோன்றவில்லையே என்றிருந்தது. அந்த ஊரில் ஒருவர் இன்னொருவரை நீங்கள் யார் வகையறா என்று கேட்டால் அது வாயைத் திறந்து ஏப்பம் விட்டது மாதிரி அசிங்கம், குழந்தைகள் கையைக் கொட்டிச் சிரிக்கும் என்று எழுதியிருந்தாய். அங்கே கஞ்சி காய்ச்சுகிறவன் மருது என்று ஒருவன். காத்தாயி பூமிக்குப் போய்த் திரும்பாமல் இருந்த நாட்களில் அவன் தினமும் அவளுக்கும் சேர்த்து ஒரு கலயம் வைக்கிறான். அந்த இடத்தில் என் கண் கலங்கியது. காலைப் பலகாரத்துக்கு வரச்சொல்லி உன் அம்மா இரண்டு தடவை ஆள் அனுப்பினாள். போகவில்லை. உன் கதைக்கு முதல் வாசகன் நான்தான், அதை உன்னிடம் இன்றுதான் சொல்கிறேன்.

அவள் திரும்பி வந்து அவன் கையைப் பிடிக்கிற பக்கம் வந்தது. அவன் கையில் கஞ்சிச் சூடு இருந்தது என்று எழுதியிருந்தாய். எனக்கு உடம்பு சுட்டது. கல்யாணம் ஆகாத என் மகளுக்கு இது எப்படித் தெரியும் என்று ஒரு நினைப்பு வந்தது. காகிதத்தைத் திருப்பினேன். சவரிமுத்து என்று கோணல் கையெழுத்து. அதற்கு முந்தின காகிதத்தைத் திருப்பினேன், சவரிமுத்து. எல்லாவற்றிலும் அவன்தான். உன் ஒவ்வொரு வரிக்குப் பின்னாலும் அவன் பேர் இருந்தது. கட்டின்மேல் அவன் பேர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டது நான், டிரைவர் டிரைவராகப் பிரித்தது நான். வீணாகக் கிடந்த காகிதத்தில் கைக்கு வந்த ஒரு கட்டை நீ எடுத்தாய், யாரும் தொடாத இடம் என்று எழுதியதை அங்கேயே திருப்பி வைத்தாய், அவ்வளவுதான். எனக்கு அது தோன்றவில்லை. அவன் பேருள்ள கட்டில் அவனுக்காக எழுதி வைத்திருக்கிறாள், அவன் வந்து எடுத்துப் படிக்கிறான் என்று முடிவு கட்டிவிட்டேன்.

பன்னிரண்டு மணிக்கு அவன் லாரி வந்தது. வண்டியை நிறுத்தி இறங்கியவனைச் சட்டையைப் பிடித்து இழுத்துக் களத்தில் தள்ளினேன். சூடாகப் பரப்பியிருந்த நெல்லில் முகம் குப்புற விழுந்தான். அவன் வண்டியிலிருந்தே டயர் கழற்றும் லீவரை எடுத்தேன். கருப்பையாவையும் இன்னொருவனையும் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். முதல் அடி தோளில், அடுத்தது விலாவில். மில் ஓடவில்லை, அதனால் எலும்பில் இரும்பு படுகிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டிருக்கும். நெல் துழாவிக்கொண்டிருந்த பெண்கள் நின்ற இடத்தில் நின்றார்கள். ஒருத்தி மட்டும் "சாமி, விட்டுருங்க சாமி" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். அவன் மூக்கிலிருந்து ஒழுகிய ரத்தத்தில் நெல் ஒட்டியிருந்தது. "எம் மகளோட என்னடா பழக்கம் ஒனக்கு?" என்று கேட்டேன்.

"எந்த மகளுங்கய்யா?"

"மீனாளு பேரச் சொல்லுறியா, இல்ல மண்டையப் பொளக்கவா?"

அவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். "மீனாளுனா யாருங்கய்யா?" என்றான்.

நடிப்புக்கும் நிஜத்துக்கும் வித்தியாசம் தெரியாமல் ஒருவன் முப்பது வருஷம் வியாபாரம் பண்ண முடியாது. அவனுக்கு உன் பேர்கூடத் தெரியாது என்று அந்த நொடியே எனக்குத் தெரிந்துவிட்டது. மகளே, இதைத்தான் ஒன்பது வருஷமாக விழுங்கிக்கொண்டிருக்கிறேன். தெரிந்த பிறகுதான் முழங்காலில் அடித்தேன். அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள், என் மகள் பேரை நானே களத்தில் கத்திவிட்டிருந்தேன், இப்போது லீவரைக் கீழே போட்டால் நான் முட்டாள் ஆகிவிடுவேன். நான் முட்டாள் ஆகாமலிருக்க அந்தக் கால் போயிற்று. மூன்று முறை அடித்தேன். மூன்றாவது அடியில் கருப்பையாவே கையை விட்டுவிட்டு விலகிப்போனான்.

அதன்பிறகு வீட்டுக்கு வந்தது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது, பிஞ்சுபோன மில் பெல்ட் துண்டை எடுத்துக்கொண்டு வரும்போதே உன்மேல் தப்பில்லை என்று எனக்குத் தெரியும் என்பது. "கதைப்பா, வெறுங்கதைப்பா, காயிதம் சும்மா கெடந்துச்சுப்பா" என்று நீ சொன்னது ஒவ்வொன்றும் காதில் விழுந்தது. உன் அம்மா குறுக்கே கையை நீட்டினாள், வளையல் உடைந்து அவள் மணிக்கட்டில் ஏறியது. நீ முகத்தை மறைத்துக்கொண்ட கையிலேயே அடித்தேன். வலது கையில் இரண்டு விரல் வீங்கி வளைந்துபோயின, இப்போதும் நீ டம்ளரை இடது கையால் எடுப்பதைப் பார்க்கிறேன். நீ "கதை, கதை" என்பதை நிறுத்தவில்லை. அதை நிறுத்தத்தான், "அவனே ஒத்துக்கிட்டான்டி, எல்லாத்தையும் சொல்லிட்டான்" என்றேன். நீ நிறுத்திவிட்டாய். அந்தச் சீட்டுக் கட்டை எடுத்துக்கொண்டு போய் உமி அடுப்பில் போட்டேன். நான் படிக்காத பாதியும் அதில் இருந்தது.

அவன் லாரியிலிருந்து விழுந்துவிட்டதாக ஆஸ்பத்திரியிலும் போலீசிலும் எழுதிக்கொண்டார்கள். நான் சொன்னால் அப்படித்தான் எழுதுவார்கள். மூன்று மாதத்தில் உனக்குத் திருச்சியில் மாப்பிள்ளை பார்த்தேன். தாலி கட்டும்போது உன் விரல்களில் இன்னும் கட்டு இருந்தது, மாவாட்டும்போது நசுங்கியது என்று சம்பந்தியிடம் சொன்னேன். மாப்பிள்ளை நல்லவராக அமைந்தது உன் அதிர்ஷ்டம், என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை.

முதலில் ஏன் கையை ஓங்கினேன் என்று யோசித்துப் பார்த்தால் எனக்கே வெட்கமாக இருக்கும் ஒரு காரணம்தான் வருகிறது. காரைக்குடியைத் தாண்டாத பெண் இதை யோசித்து எழுதியிருப்பாள் என்று நான் நம்பவில்லை. ஒருவன் இருந்தால்தான், தொட்டிருந்தால்தான், எழுத முடியும் என்று நினைத்தேன். நிலாவில் நெல் அவிப்பதை மட்டும் நிஜம் என்று நினைக்கவில்லை பார், அதில் மட்டும் எனக்குப் புத்தி வேலை செய்திருக்கிறது. உன் கதை அவ்வளவு நன்றாக இருந்தது, அதற்குத்தான் உனக்கு அடி விழுந்தது. அப்பா புத்திமதி சொல்ல வேண்டிய இடம் இது என்று தெரிகிறது, சொல்லத்தான் வாய் கூசுகிறது. ஒன்று மட்டும் கேட்டுக்கொள். உன் மகள் புளுகுகிறாள், சுவருக்குள் ஒரு ஊர் இருக்கிறது என்கிறாள் என்று போன தடவை சொன்னாய். அவளை அடிக்காதே, அந்த ஊரில் யார் யார் இருக்கிறார்கள் என்று கேள். புத்தகத்தில் என்னைப் போல ஒருவனை எழுதினால் கடைசியில் அவனைத் திருத்திவிடாதே. படிக்கிறவர்கள் நம்ப மாட்டார்கள், நானும் நம்ப மாட்டேன்.

இதோடு முடித்திருப்பேன். ஆனால் உன் கேள்விக்கு நான் மட்டும் பதில் சொன்னால் போதாது என்று தோன்றியது. நேற்றுக் காலை டவுன் பஸ் ஏறி சாக்கோட்டைக்குப் போனேன். அங்கே பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் சவரிமுத்து சைக்கிள் கடை வைத்திருக்கிறார் என்று எனக்கு வெகுநாளாகத் தெரியும். அந்தப் பக்கம் போகவேண்டி வந்தால் சுற்றிப் போவேன். ஒரு காலை நீட்டித் தரையில் உட்கார்ந்து பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார். அந்தக் கால் மடங்காது. நிமிர்ந்து பார்த்ததும் நான் யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

"அங்குட்டே நில்லுங்க. கையில சாமான் இருக்கு, நான் என்ன செய்வேன்னு எனக்கே தெரியாது" என்றார்.

நின்ற இடத்திலேயே சொன்னேன். சீட்டைச் சொன்னேன், பின்பக்கத்தைச் சொன்னேன், நான் கட்டுக் கட்டும் முறையைச் சொன்னேன், கதையைச் சொன்னேன். மீனாள் யார் என்று அவர் கேட்ட பிறகும், உண்மை தெரிந்தே நான் அடித்ததைச் சொன்னேன். எனக்கு அப்படி ஒரு சந்தேகம் எங்கிருந்து வந்தது என்று ஒன்பது வருஷம் அந்த மனிதருக்குத் தெரியாது மீனாள். அவர் கடைச் சுவரைப் பிடித்து மெதுவாக எழுந்தார், காலை இழுத்துக்கொண்டு வந்து என்னை அறைந்தார். உதடு கிழிந்து வாயெல்லாம் ரத்தம். அந்த அடி எனக்கு ஆறுதலாக இருந்தது என்று எழுதினால் பொய். வலித்தது. திருப்பி அடிக்க என் கை எழும்பியது, இத்தனை சொன்ன பிறகும் எழும்பியது. அவர் அதைப் பார்த்தார். நானும் பார்த்தேன். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டேன்.

அவர் திரும்பிப் போய் உட்கார்ந்து டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றேன். குமிழி வந்த இடத்தை விரலால் அடைத்துக்கொண்டு, தலையைத் தூக்காமல் கேட்டார்.

"கதையில அந்தக் கஞ்சி காச்சுறவன் நானில்லைங்கிறீக."

"இல்ல."

"எம் பேரு பின்னால இருந்ததுக்கு எங் காலு போச்சு."

"ஆமா."

"அப்ப அந்தக் கதையில எனக்கும் பங்கு இருக்குல்ல. அந்த ரெண்டு பேரும் கடைசில ஒண்ணாச் சேந்தாகளா, இல்லையா?"

எனக்குத் தெரியாது என்றேன். முழுவதும் படிக்கவில்லை, மீதியை அடுப்பில் போட்டுவிட்டேன் என்றேன். அவர் அப்போதுதான் என்னை நிமிர்ந்து பார்த்தார். களத்தில் அடி வாங்கும்போதுகூட அப்படிப் பார்க்கவில்லை.

"எரிச்சுட்டீகளா? முடிவு தெரியாமலா எரிச்சீக?" என்றார். பிறகு, "எழுதுனவுகளுக்குத் தெரியும்ல, கேட்டு வாங்க. அதத் தெரிஞ்சுக்கிட்டு வர்றதா இருந்தா வாங்க. இல்லைனா இந்தப் பக்கம் வராதீக" என்று சொல்லிவிட்டு அடுத்த டியூபை எடுத்துக்கொண்டார்.

சேர்ந்தார்களா, மீனாள்? அவருக்கு நீயே எழுதிவிடு.

அப்பா